ஏழாங்கட்டை டேமில் பூ வந்த வாரம்

ராக்காயி நடந்து யாரும் பார்த்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் நானூறு ரப்பர் மரம் பால் வெட்டி முடிக்க வேண்டும் என்று நிரைக்கு நிரை ஓடிப் பழகிய கால்கள் அவளுக்கு. ரப்பர் தோட்டம் போன பிறகும் அந்த ஓட்டம் போகவில்லை. பசாருக்கும் ஓட்டம், கோயிலுக்கும் ஓட்டம், சாவு வீட்டுக்குக்கூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டம்தான். அவள் புருஷன் உடையப்பன் நிதானமான ஆள். "கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து நான் இவ முதுகத்தான் பாத்துக்கிட்டு வாரேன்" என்பான். கேட்பவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ராக்காயி அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

விடிந்ததும் அவளுடைய முதல் ஓட்டம் டேமுக்கு.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போகிற வழியில், ஏழாவது கட்டையில், அதாவது ஏழாவது மைல்கல்லில், திரும்பினால் ஒரு செம்மண் பாதை. உள்ளே இருந்த தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை வெள்ளைக்காரனிடமே விட்டுவிட்டு நம் சனங்கள் ஏழாங்கட்டை என்றே சொன்னார்கள். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கவும் ரப்பர் ஷீட் அலசவும் தண்ணீர் வேண்டுமே, அதற்காக ஓடையை மறித்துப் போட்டதுதான் டேம். வெறும் மண்கரை. நூற்றைம்பது எட்டு வைத்து நடக்கிற நீளம், இரண்டு ஆள் உயரம். ஒரு மூலையில் கலுங்கு. அதில் பலகைகளை அடுக்கியும் எடுத்தும் தண்ணீரை ஏற்றி இறக்கலாம். இன்னொரு மூலையில் இரும்புச் சக்கரம் வைத்த மடை. வெளியூர்க்காரர்கள் பெரிதாக எதையோ நினைத்துக்கொண்டு வந்து, "இதுவா டேம்?" என்பார்கள். இதுதான். ஏழாங்கட்டையில் அதைக் குறைத்துப் பேசியவனுக்குச் சோறு கிடைக்காது.

அறுபதுகளின் கடைசியில் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பல் ஏறியது. மரங்கள் விழுந்தன. ஸ்டோரின் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் டவுனுக்கு வேலை தேடிப் போய்விட, மிச்சப் பாதி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் ராக்காயி கரைமேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். மேலே கேட்பாரில்லாத தண்ணீர். கீழே கேட்பாரில்லாத பள்ளம். நடுவில் ஒரு சக்கரம்.

"அட, இத விட்டுட்டு எங்க லா வேல தேடுறீங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

துருப்பிடித்த சக்கரத்துக்கு மூன்று நாள் தேங்காயெண்ணெய் விட்டு, நான்காம் நாள் அவளும் உடையப்பனும் தொங்கிச் சுற்றினார்கள். தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்தது. இரண்டு வருஷத்தில் அங்கே பதினொரு குடும்பம் பயிர் வைத்தது. பயிற்றங்காய், வெண்டைக்காய், கங்கோங் கீரை, அடிப்பள்ளத்தில் கொஞ்சம் நெல்லும்கூட. மேலே தண்ணீரில் விரால் துள்ளியது. கொக்கும் நாரையும் வந்தன. சீட்டியடிக்கிற சின்ன வாத்துகள் கூட்டமாக இறங்கின. ஒரு முரட்டு உடும்பு கலுங்குக் கல்மேல் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் வேலை வாங்குகிற மண்டோர் மாதிரி முறைத்தது. ராக்காயிக்கு டேம்காரி என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது.

நிலம் அவர்களுடையது இல்லை. ஈப்போவில் இருந்த ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, வாங்கிப் போட்டிருந்தார். வாங்கியதையே மறந்துவிட்ட மாதிரி நான்கைந்து வருஷம் சும்மா இருந்தவருக்கு, எழுபத்து நாலில் திடீரென்று எண்ணெய்க்குச் செம்பனை நடுகிற ஆசை வந்தது. கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் மேலும் கீழும் ஒரே நிலமாகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை புல்டோசர் வந்து நின்றது. பின்னாலேயே காரில் தவுக்கே.

அப்போது கரை நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புற்று ஒன்று வளர்ந்திருந்தது. செத்துப்போன மண்டோரின் பெண்சாதி நல்லம்மாள், புற்று இருக்கிற இடத்தில் ஆத்தா இருப்பாள் என்று அதற்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துக் கும்பிட்டு வந்தாள். ராக்காயிக்கு அதற்கெல்லாம் நின்று பார்க்க நேரமிருந்ததில்லை. அன்றைக்கு என்ன ஆனதோ, புல்டோசர் கரையில் மூக்கை வைத்ததும் ஓடி வந்தவளுக்கு உடம்பு உதறியது. கூந்தல் அவிழ்ந்தது. புற்றுக்கு முன்னால் நின்று ஆடித் தீர்த்துவிட்டாள். என்ன சொன்னோம் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இதை நடிப்பு என்று நினைக்கிறவர்கள் எழுந்து போய்விடலாம், அது நடிப்பில்லை.

தவுக்கே காரை விட்டு இறங்கினார். மஞ்சளையும் பூவையும் பார்த்தார். அவர் சனத்துக்கும் புற்றென்றால் சாமிதான். "டத்தோ ஆடா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார், இங்கே தெய்வம் இருக்கிறதா என்று. "ஆடா! ஆடா!" என்று பதினொரு குடும்பமும் ஒரே குரலில் கத்தியது. தவுக்கே காரிலிருந்து மூன்று ஊதுபத்தி எடுத்துக் கொளுத்திப் புற்றில் செருகிக் கும்பிட்டார். டத்தோ இங்கே இருக்கிற வரைக்கும் கரையில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புல்டோசரைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த நாளிலிருந்து புற்றுதான் பதினொரு குடும்பத்துக்கும் பட்டா. வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை. உடையப்பன் உறுமி அடிப்பான், ராக்காயிமேல் ஆத்தா இறங்குவாள், குறி சொல்லுவாள். முடிந்ததும் மாலைகளைத் தண்ணீரில் விடுவார்கள். நல்லம்மாளுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு எரிச்சல். முதலில் மஞ்சள் பூசியவள் அவள். ஆத்தா இறங்கியதோ, ஒரு நிமிஷம் ஒழுங்காக நின்று கும்பிடத் தெரியாதவள்மேல்! இதை அவள் ஒளித்ததும் இல்லை.

எழுபத்தொன்பதில் வாய்க்கால் வேலை பார்க்கும் இலாகாவிலிருந்து தம்பிமுத்து வந்தார். தைப்பிங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டர், கழுத்தில் தொலைநோக்கி. டேமைப் பார்க்க வந்தவர் பறவைகளைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றுவிட்டார். பிறகு கரையடியில் குனிந்து, கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"அக்கா, இந்தத் தண்ணி தெளிவா வாற வரைக்கும் பயமில்லை. தேத்தண்ணி நிறத்தில வந்தா உள்ளுக்கு மண் கரையுதெண்டு அர்த்தம். பிறகு யோசிக்கக் கூடாது, உடனே தண்ணிய இறக்க வேணும்" என்றார். ராக்காயி தலையாட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புற்றருகே போய்ச் சுற்றிப் பார்த்தார். "கோவிக்க வேண்டாம். இதை எடுத்துப்போட்டுக் களிமண் அடைக்க வேணும். வெளிய தெரியிறது தலை மட்டும்தான். கறையான் கரைக்குள்ள எவ்வளவு தூரம் குடைஞ்சிருக்கெண்டு சொல்லேலாது."

"சாமிய எடுத்துப்போடச் சொல்றீங்களா? ஐயாவுக்கு இங்க டீ கெடையாது லா, கெளம்புங்க!"

டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமல் போனார். அடுத்த மாதம் பறவை எண்ண வந்தபோது அவளே கூப்பிட்டுக் கொடுத்தாள். புற்றைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

எண்பத்தொன்று நவம்பரில் நல்ல மழை. போன வெயிலில் வெண்டை வாடியது ராக்காயி மனதில் இருந்துகொண்டே இருந்ததால் கலுங்கில் ஒரு பலகை கூடுதலாகப் போட்டாள். தண்ணீர் இதுவரை தொடாத உயரத்துக்கு ஒரு முழம் ஏறியது. ஏறிய தண்ணீருக்கு நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்துவிட்டது, ஐந்து உருப்படி! அவை விராலைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுவதைப் பார்க்க லயமே வேலையை விட்டுவிட்டு ஓடியது. ராக்காயி, ஏதோ தானே பெற்ற பிள்ளைகள் மாதிரி, ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, வழக்கம்போல மாலைகளைத் தண்ணீரில் விட்டார்கள். மறுநாள் காலை, கரைக்குக் கீழே கங்கோங் பாத்தி வைத்திருக்கும் பாப்பா போட்ட கூச்சல் பெரிய ரோடு வரை கேட்டிருக்கும்.

"அக்கா! ஓடியா! பூவு வந்துருக்கு! ஆத்தா பூவு!"

ராக்காயி ஓடினாள். பாப்பாவின் வாய்க்காலில் செண்டுப்பூ இதழ்கள் மஞ்சளாக மிதந்தன. நேற்றுச் சாத்திய மாலைதான், குங்குமம்கூடப் போகவில்லை. மடை ஒரு வாரமாக அடைத்துக் கிடக்கிறது. பிறகு எப்படி வந்தது? அண்ணாந்து பார்த்தார்கள். பூ வந்த இடத்துக்கு நேர் மேலே புற்று. கரையைத் துளைத்துக்கொண்டு, தன் காலடியிலிருந்தே ஆத்தா பூ அனுப்பியிருக்கிறாள்!

எல்லாரையும் முந்திக்கொண்டு குலவை போட்டவள் ராக்காயிதான். ஈரப் பூவை வாரி முகத்தில் அப்பிக்கொண்டாள். ஏழு வருஷம் தன்மேல் இறங்கிய தெய்வம் தனக்குப் பதில் அனுப்பியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஏழாங்கட்டையில் யாரும் சமைக்கவில்லை. கரைமேல் ஒருவர் பூவை விட, புற்றுக்கு நேராகச் சின்னச் சுழி ஒன்று அதை வாங்கிக்கொள்ள, மேலே நின்றவர்கள் "போச்சு! போச்சு!" என்று கத்திக்கொண்டு சரிவில் உருண்டு புரண்டு இறங்கி ஓட, கீழே நின்றவர்கள் "வந்துச்சு! வந்துச்சு!" என்று குதிக்க, ஒரே திருவிழா. சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர் செமோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலையில் இதழ்தான் வந்தது. சாயங்காலம் முழுப்பூவே வந்தது. அற்புதம் கூடிக்கொண்டே போகிறது என்று நல்லம்மாள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா எதற்காகப் பூ அனுப்பினாள் என்று ராக்காயிமேல் இறக்கிக் கேட்டுவிடுவது, இருபத்தொரு குடம் பால் புற்றில் ஊற்றுவது என்று முடிவானது. நாள், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கரை கொள்ளாத கூட்டம். ஈப்போவிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். ராக்காயி மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு, புற்றுக்கு முன்னால் நின்றாள். உடையப்பன் உறுமியை இழுத்தான். குலவை எழுந்தது. யாரோ ஒரு பெண் எலுமிச்சம்பழம் ஒன்றைச் சுழியில் போட்டாள்.

ராக்காயி கண்ணை மூடப்போனவள், கீழே பாப்பாவின் பாத்தியைப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பழம் உருண்ட வாய்க்காலில் ஓடிய தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

நேற்று இதழ். பிறகு பூ. இப்போது பழம்.

 ஆத்தா வழி திறக்கவில்லை, கரை ஓட்டையாகிக்கொண்டிருக்கிறது. ஓட்டை மணிக்கு மணி பெருத்துக்கொண்டிருக்க, தான் நின்று குலவை போட்டிருக்கிறோம். மேலே மலைப்பக்கம் பார்த்தாள். கருத்துக்கொண்டு வந்தது. ஈப்போ மழை நாலு மணிக்கு ஆபீஸுக்கு வருகிற மாதிரி வந்துவிடும். அது வந்தால் கரை நிற்காது. கீழே பதினொரு குடும்பத்தின் பயிர், அதற்கும் கீழே லயத்து வீடுகள்.

உறுமி ஏறிக்கொண்டே போனது. எல்லாக் கண்ணும் அவள்மேல். "வா தாயே, வா!" என்று கூப்பிட்டார்கள். ஆத்தா வரவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

"நிறுத்துங்க!" என்று ராக்காயி கத்தினாள்.

உறுமி நின்றது. கூட்டம் சிலிர்த்தது. "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" என்று நாலைந்து பெண்கள் தரையில் விழுந்தார்கள். பாப்பா கைகூப்பி, "தாயே, என்ன வேணும் சொல்லு, செய்யிறோம்" என்றாள்.

எவ்வளவு சுலபம்! தலையை இரண்டு சுற்றுச் சுற்றி, நாக்கைத் துருத்தி, "என் புத்தத் தோண்டுங்கடா" என்றால் போதும். இத்தனை பேரும் கேள்வியில்லாமல் தோண்டுவார்கள். நேரம் வேறு ஓடுகிறது. ராக்காயி அதை நினைக்காமல் இல்லை. நினைத்தாள், வாய்கூடத் திறந்தது. ஆனால் பொய்யாக ஆடினால், ஏழு வருஷம் ஆடிய நிஜமும் பொய்யாகப் போய்விடாதா? அவளால் முடியவில்லை.

"ஆத்தா வரல. நான் ராக்காயிதான் பேசுறேன். டேம் ஒடையப் போவுது. கீழ தண்ணியப் பாருங்க, மண்ணு கரைஞ்சு வருது. பூவு வந்தது அதுனாலதான். தண்ணிய எறக்கணும், புத்தத் தோண்டிக் களிமண்ண அடைக்கணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே தம்பிமுத்து ஐயா சொன்னாரு. நான்தான் வெரட்டி வுட்டேன்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அற்புதத்தைப் பார்க்க வந்த வேன்காரர்களுக்குக் கோபம். சாமிக்குத்தம் என்றார் ஒருவர். "புத்து போயிருச்சுன்னா தவுக்கே நாளைக்கே கரைய வெட்டிருவான் லா! டத்தோ இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னான்?" என்று பாப்பா கேட்டாள்.  வெறும் ராக்காயி சொல்வதை எவர் கேட்பார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 

அப்போது உடையப்பன் உறுமியைக் கழற்றிக் கீழே வைத்தான்.  வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைச் சக்கரத்தைப் பார்த்து ஓடினான். ஆமாம், உடையப்பன் ஓடினான்! கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ராக்காயி அவன் முதுகைப் பார்த்தாள்.

அவள் அவனுக்கு எதிர்த்திசையில் கலுங்குக்கு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தான் போட்ட பலகையை முதலில் பிடுங்கினாள். பிறகு அடுத்தது, அடுத்தது. தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு பாய்ந்தது. முறைக்கிற உடும்பு முதல் ஆளாக எழுந்து ஓடியது. புருஷனும் பெண்சாதியும் மட்டும் கிறுக்குப் பிடித்த மாதிரி வேலை செய்வதைப் பார்த்து, லயத்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பூவும் பழமும் விட்ட பெண்கள் சாக்கில் மண் கட்டி, கரையடியில் தண்ணீர் பீறிட்ட இடத்தைச் சுற்றி அடுக்கினார்கள்.

இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. புற்றுக்கு நேராக, கரையின் உள்பக்கம், ஒரு தலை நுழைகிற ஓட்டை வாய் பிளந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். இனி ஒருவரும் ராக்காயி சொன்னதை மறுக்க முடியாது. ஆனாலும் மண்வெட்டியோடு புற்றைச் சுற்றி நின்ற பத்துப் பேரில் ஒருத்தன் கையும் ஓங்கவில்லை.

ராக்காயி மண்வெட்டியைப் பிடுங்கினாள். ஓங்கினாள். ஓங்கிய மண்வெட்டி கீழே இறங்கவில்லை.

"நில்லுடி!" என்றாள் நல்லம்மாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், இடுப்பில் பால் ஊற்றக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு. பாலை ஒரே மூச்சாகத் தண்ணீரில் கொட்டினாள். "எல்லாத்துலயும் அவசரம் ஒனக்கு. பிடிமண்ணு எடுக்காம சாமி மேல கை வைப்பியா? எங்க ஐயா ராமநாதபுரத்துலேர்ந்து ஒரு பிடி மண்ண மடியில கட்டிக்கிட்டுத்தான் கப்பல் ஏறுனாரு. அந்த மண்ணுலதான் நம்ம மாரியம்மா கோயில் நிக்கிது. சமுத்திரத்தத் தாண்டி வந்தவ, இந்த நூறு எட்டு வச்சு வரமாட்டாளா?"

குனிந்து, புற்றின் உச்சியில் ஒரு பிடி மண் எடுத்துச் சொம்பில் போட்டாள். 

"சரிக்கா, ஆனா தவுக்கே வந்தா?" என்றாள் பாப்பா.

"வரட்டுமே. மிஷினு வர்ற பாதைக்கு நட்ட நடுவுல உக்கார வப்போம். டத்தோ மேல மிஷின ஏத்திட்டு அவன் கரைக்கு வந்துருவானா?"

அந்த அவசரத்திலும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.  ராக்காயியும் நல்லம்மாளும் சேர்ந்து முதல் வெட்டை வெட்டினார்கள்.

தோண்டத் தோண்ட ஏழு வருஷத்து மஞ்சள் துணிகள் அடுக்கடுக்காக வந்தன. அதற்குக் கீழே கரையே இல்லை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம் போல ஒரு அறை, அதிலிருந்து நாலா பக்கமும் கை நுழைகிற குகைகள். இதன் மேல்தான் வாரா வாரம் ஆடியிருக்கிறோம் என்று நினைத்த ராக்காயிக்குக் கால் கூசியது.

ஓடையோரத்துக் களிமண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மிதித்து இறுக்கினால்தான் பிடிக்கும். மிதிக்க ஆள் இருக்கிறது, வேகம்தான் போதவில்லை. மணி மூன்று. ராக்காயி திரும்பி, "மாமா, உறுமிய எடு!" என்றாள். உடையப்பன் எடுத்தான். அடித்தான் பாருங்கள் ஒரு அடி! பதினொரு குடும்பமும் குழிக்குள் இறங்கி ஆடியது. ஈப்போ வேன்காரர்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். கூடை கொட்டும், கால் ஆடும், இன்னொரு கூடை கொட்டும். நல்லம்மாள்கூட முழங்கால் வரை களிமண்ணோடு ஆடினாள். ராக்காயி சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மிதித்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆட்டம் ஆடியதில்லை, சாமியே இல்லாமல்.

கடைசிக் கூடை விழுந்து மிதித்து முடித்தபோது மழையின் முதல் துளி விழுந்தது. மணி நாலேகால்.

கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நனைந்தார்கள். மழை விட்டதும் ராக்காயி பாப்பாவின் வாய்க்காலுக்கு ஓடினாள். பீறிட்ட இடத்தில் இப்போது சொட்டுத் தண்ணீர்தான். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். கைரேகை தெரிந்தது. நாக்கு வெளியே வரும்வரை குலவை போட்டாள்.

புதன்கிழமை, செய்தி கேட்டுத் தவுக்கேயின் கார் வந்தது. பாதை நடுவில், மூன்று கல்லுக்கு நடுவே, மஞ்சள் துணி கட்டிய பித்தளைச் சொம்பு. காருக்கு வழியில்லை. தவுக்கே இறங்கிப் பார்த்தார். "டத்தோ சுடா பிண்டா?" என்றார், சாமி வீடு மாறிவிட்டதா என்று. "பிண்டா, தவுக்கே!" என்றாள் ராக்காயி. அவர் கரையையும் பார்த்தார், பாதையையும் பார்த்தார். எங்கே மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று ஊதுபத்தி கொளுத்திவிட்டு, காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

தம்பிமுத்து வந்தபோது அவர் கேட்பதற்கு முன்பே டீ வந்தது. "அன்னைக்கு நீங்க சொன்னத நான் கேக்கல. தப்பு என்னுது" என்றாள் ராக்காயி. அவர் கரைமேல் எட்டிப்போட்டு நடந்து, குனிந்து, தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட ஆக்கள் ரோலர் வச்சு இறுக்கினாலும் இப்பிடி வராது, அக்கா" என்றார். அன்று நீர்நாய்கள் ஐந்தும் திரும்பி வந்திருந்தன. அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் இன்னும் மலர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை புதிய இடத்தில் முதல் பூசை. உடையப்பன் உறுமி இழுத்தான். ராக்காயி கண்ணை மூடிக் காத்து நின்றாள். கூட்டத்தில் ஒரு கூந்தல் அவிழ்ந்தது. அவளுடையது அல்ல. ஆத்தா நல்லம்மாள்மேல் இறங்கியிருந்தாள்.

ராக்காயிக்கு வலித்தது; இல்லையென்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு அவள்மேல் ஆத்தா வரவே இல்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. ஆனாலும் நல்லம்மாள் ஆடி முடித்ததும் முதல் பூவை எடுத்து ராக்காயி கையில்தான் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "ஓடு" என்பாள்.

ராக்காயி ஓடுவாள். கரை நடுவில், புற்று இருந்த இடத்துக்கு நேராக, பூவைத் தண்ணீரில் விடுவாள். விட்டுவிட்டு நிற்பாள். ஏழாங்கட்டையில் அவள் அசையாமல் நிற்பதை ஊர் பார்த்த ஒரே நேரம் அதுதான். வாத்துகள் சீட்டியடிக்கும். நீர்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கும். அந்த அலையில் பூ கொஞ்சம் ஆடும்.

ஆடி, விட்ட இடத்திலேயே நிற்கும்.